ஜன்னல் வரை எட்டு நடை

"தூக்குங்க. தூக்குங்கன்னா மேல தூக்கணும், சுவத்துக்குள்ள இல்ல."

பூட்டுக் கடைக்காரர் படிக்கட்டின் வளைவுக்குக் கீழே நின்று கால் பக்கத்தைப் பிடித்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் தையல்காரர். மேலே தலைப் பக்கத்தில் தம்பியும் பாப்பாவும். நடுவே ஸ்ட்ரெச்சரில், வெள்ளைத் துணிக்குள், அக்கா. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை சுவரில் முட்டியது. மறு முனை கைப்பிடிக் கம்பிக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. அதற்கு மேல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

தம்பிக்கு வயது அறுபத்தாறு. அக்கா அப்படிக் கூப்பிட்டதால் கடைத்தெரு முழுவதற்கும் அவர் தம்பிதான். அவரைவிடப் பத்து வயது இளைய பூட்டுக் கடைக்காரருக்கும் தம்பி, பால்காரருக்கும் தம்பி. பாப்பா, அக்காவின் ஒரே மகள். நாற்பத்து மூன்று வயதில் பாப்பா. இந்த வீட்டில் ஒரு முறை ஒட்டிய லேபிளை யாரும் கிழிப்பதில்லை.

"நாற்காலியில உக்கார வெச்சு இறக்கிடலாமா? ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்ப அப்படித்தானே ஏத்தினோம்?" என்றார் தையல்காரர்.

"அப்ப மடங்கினாங்க. இப்ப எப்படிய்யா மடங்குவாங்க?"

"இருக்கும்போதே மடங்காத ஆளு" என்று சொல்லிவிட்ட பிறகுதான் மேலே மகள் நிற்பது தையல்காரருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"ஏன் தம்பி, ரெண்டு பக்கமும் கம்பி போட்டீங்களே, நடுவுல ஆளு போக இடம் இருக்கான்னு அளந்து பாத்தீங்களா?" என்றார் பூட்டுக் கடைக்காரர்.

"நடந்து போற ஆளுக்கு அளந்தேன்" என்றார் தம்பி.

அது உண்மை. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியபோது அக்காவின் முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நசுங்கியது. வாளி நிறையக்கூட இல்லை, பாதிதான். டாக்டர், வீட்டில் படி இருக்கிறதா என்று கேட்டார். இருபத்து மூன்று என்றதும் இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும் என்றார். தம்பி அன்றைக்கே ஆள் வைத்துக் கம்பி போட்டார். அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அக்கா இறங்கியது மொத்தமே நாலு தடவை. நாலும் ஆஸ்பத்திரிக்கு.

பூட்டுக் கடைக்காரர் போல்ட்டுகளைத் தடவிப் பார்த்தார். "துரு ஏறிப் போச்சு. பெரிய ஸ்பேனரும் எண்ணெயும் வேணும். ஒரு பக்கத்தைக் கழட்டினா வந்துடுவாங்க. அரை மணி பொறுத்துக்குங்க. எங்கயும் போயிடாதீங்க."

போவதற்கு வழியில்லாதவர்களிடம்தான் அதைச் சொன்னார். கீழே அக்காவும் தம்பியும் நடத்திய பீங்கான் கடையிலிருந்து சரக்கு வரும் மரப்பெட்டி ஒன்றை எடுத்து, ஸ்ட்ரெச்சர் சாயாமல் கால் பக்கத்துக்கு முட்டுக்கொடுத்தார்கள். பிறகு இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். மேலே இரண்டு அறை, ஒரு சமையல் இடம், ஒரு ஜன்னல். இறங்குவதற்கு இந்த ஒரே படிக்கட்டு. அதன் குறுக்கே அக்கா படுத்திருந்தாள்.

தம்பியும் பாப்பாவும் மேற்படிகளில் உட்கார்ந்தார்கள். தம்பியின் முழங்கால்கள் உட்காரும்போது இரண்டு முறை சத்தம் போட்டன.

"அந்தம்மா இன்னும் வாசல்லயே நிக்குது, பாத்தீங்களா?" என்றாள் பாப்பா. "என்ன தைரியம்."

தரை துடைக்கிற அம்மாவைச் சொல்கிறாள். பதினேழு நாளைக்கு முன்னால் அக்கா ஜன்னலருகே விழுந்து இடுப்பு உடைந்தபோது, ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த பாப்பா கேட்ட முதல் கேள்வி, "வழுக்கிடுச்சா?" தம்பி தலையை ஆட்டிவிட்டார். "தரை ஈரமா இருந்துச்சா?" அதற்கும் ஆட்டினார். தலை ஆட்டுவது சுலபமாக இருந்தது. அன்று ராத்திரியே பாப்பா அந்த அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒன்பது வருடமாக வந்தவள். காலையிலிருந்து கீழே நின்று யாரைப் பார்த்தாலும், "நல்லா காய வெச்சுத்தான் போனேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் சொன்னது தம்பியிடம் மட்டும்தான். பாப்பா வந்து சேர்வதற்கு முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"விழுந்ததால உடையலைங்க. உடைஞ்சதால விழுந்திருக்காங்க. எலும்பு இந்த அளவுக்குத் தேஞ்சா அப்படித்தான். முதல்ல மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழும். அதோடவே நடந்திருக்காங்க. தொடை இடுக்குல வலின்னு சொல்லலையா?"

"சொன்னாங்க."

"எத்தனை நாளா?"

"மூணு நாள்."

"அப்பவே வந்திருந்தா ரெண்டு மூணு ஸ்க்ரூல முடிஞ்சிருக்கும்." டாக்டர் அவரைப் பார்க்காமல் படத்தை உறைக்குள் செருகினார்.

கீறல். நாற்பத்தைந்து வருடமாகத் தம்பியின் பிழைப்பே கீறல் பார்ப்பதுதான். தட்டை உள்ளங்கையில் நிறுத்தி விரல் நகத்தால் சுண்டுவார். நல்ல தட்டு 'டிங்' என்று நீளும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டக்' என்று செத்துப்போகும். வண்டியில் வந்திறங்கும் பெட்டிக்குள் எத்தனை பழுது என்று திறக்காமலே, பெட்டியை ஆட்டிப் பார்த்துச் சொல்கிறவர் அவர். அக்கா அவருக்குக் கற்றுக்கொடுத்த வித்தை அது.

அறுவைச் சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாம் நாள் நெஞ்சில் சளி கட்டியது. நேற்று மதியம், பாதி கேட்ட கேள்வியோடு போய்விட்டாள். "டேய், கீழ அந்த நீலக் கிண்ணம்..." என்றாள். நீலக் கிண்ணம் என்ன ஆயிற்று என்று இனிமேல் யாருக்கும் தெரியாது.

"மாமா, ஒண்ணு சொல்றேன், வேணாம்னு சொல்லக் கூடாது" என்றாள் பாப்பா. "சாயந்திரம் என்கூடவே கிளம்பிடுங்க. என் வீடு தரைத்தளம். வாசல்ல ஒரு படி, அதுவும் சாய்வா போட்டுக்கலாம். இங்க தனியா இந்தப் படியில ஏறி இறங்கி, உங்களுக்கும் ஒரு நாள் இந்த மாதிரி..." முடிக்காமல் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள்.

பத்து நாளாகத் தம்பியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அந்தப் படிக்கட்டின் வாயைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா இருந்தவரை அது அக்காவின் சிறையாக இருந்தது, அவர் காவல்காரர். இன்றைக்குக் காலையில்தான் அவருக்குப் புரிந்தது, இனி கைதி வேலைக்கு அவரைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்றார்.

"ஆரம்பிச்சுட்டீங்களா? சிரமம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நான் இந்தக் கடையில வளர்ந்தவ."

உண்மைதான். அந்த வீட்டில் யாரும் முதல் சொல்லை அர்த்தத்தோடு சொல்வதில்லை. 'வேண்டாம்' என்றால் இன்னும் ஒரு முறை கேள் என்று பொருள். 'முடியாது' என்றால் பேச்சு இப்போதுதான் தொடங்குகிறது என்று பொருள். இரண்டாவது தோசை சாப்பிட வைப்பதற்குக்கூடப் பேரம். அக்காவுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்தபோது, மைனஸ் மூன்று புள்ளி எட்டு என்று டாக்டர் சொன்னார். அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கி அவரைப் பார்த்தாள். "கடைசியா என்ன சொல்றீங்க டாக்டர்?" என்றாள். அந்த டாக்டர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாராம்.

ஒரு காலத்தில் தம்பியின் உயரம் இருந்தவள். வருடத்துக்கு ஒரு விரற்கடையாகக் குறைந்து அவர் நெஞ்சுக்கு வந்தாள். பழைய சேலைகளெல்லாம் தரையில் புரண்டன. "சரக்கு தேங்கினா சுருங்கத்தான் செய்யும்" என்பாள். முதுகு வளைந்த பிறகு கடைக்கு இறங்க முடியவில்லை. படிக்கட்டின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கீழே நடக்கும் பேரத்தைக் காதால் கேட்பாள். "டேய், அந்தம்மா வாங்கத்தான்டா வந்திருக்கு, விடாத" என்று மேலிருந்து குரல் வரும். வாடிக்கையாளர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

நடக்க வைக்க வேண்டும் என்றார் டாக்டர். படுத்தால் எலும்பு இன்னும் கரையும், சதை விட்டுப்போகும். ஆகவே தினமும் மாலை, கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போய்த் திரும்புவது ஒரு நடை. தம்பி எட்டில் ஆரம்பிப்பார். அக்கா ஒன்றில் ஆரம்பிப்பாள். முட்டி வலிக்குது, தலை சுத்துது, நேத்தைய கணக்குல நீ ஒண்ணு ஏமாத்திட்டே. அஞ்சில் முடியும். முடிந்ததும் இரண்டு பேர் முகத்திலும் ஜெயித்த களை.

"தினம் போன்ல கேப்பேன் மாமா, இன்னைக்கு எத்தனை நடைன்னு" என்றாள் பாப்பா. "'உங்க மாமன் எட்டுக்கு வந்தான், நான் அஞ்சுல அமுக்கிட்டேன்'னு சொல்லும். அந்தக் குரலே வேற. நீங்க இல்லன்னா அம்மா ரெண்டு வருஷம் முன்னாடியே படுத்த படுக்கையாயிருக்கும். கீழ வந்தவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும்னு."

தம்பி காலையிலிருந்து அதை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பார்.

அந்த மூன்று நாள் அவருக்கு மனப்பாடம். முதல் நாள் அக்கா, "தொடை இடுக்குல குத்துதுடா, இன்னைக்கு விட்டுடு" என்றாள். எட்டு என்றார் அவர். மூன்றில் முடிந்தது. இரண்டாம் நாள், "முடியலடா" என்றாள். ஆறு என்றார். இரண்டில் முடிந்தது. நல்ல இறக்கம் இறக்குகிறாளே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவள் பேரமே பேசவில்லை. பாலைக் குடித்தாள். டம்ளரை முக்காலியின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

அது கடையின் வழக்கம். பேரம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடக்கும், சிரிப்பு இருக்கும், சண்டை இருக்கும், வாசல் வரை போய்த் திரும்புவது இருக்கும். ஆனால் அக்கா பேரத்தில் இருக்கும் கோப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டால் அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அரசாங்கமே வந்தாலும் இறங்க மாட்டாள். கவிழ்த்த கோப்பையைக் கடைக்காரர் நிமிர்த்தக் கூடாது, வாடிக்கையாளரும் தொடமாட்டார். தெருவுக்கே தெரியும்.

தம்பி டம்ளரைப் பார்த்தார். சிரித்தார். நிமிர்த்தி வைத்தார்.

"இது கடை இல்லக்கா. ரெண்டே ரெண்டு நடை."

அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். எழுந்தாள். முதல் நடை போய்த் திரும்பியாயிற்று. இரண்டாவதில், ஜன்னலுக்கு ஓரடி இருக்கும்போது, தடுக்கவில்லை, வழுக்கவில்லை. காய்ந்த தரையில், அவர் கையைப் பிடித்தபடியே, ஒரு கால் மட்டும் இல்லாமல் போனதுபோல் இறங்கினாள். சின்னச் சத்தம் ஒன்று கேட்டது. 'டக்'.

கீழே அமரர் ஊர்தி ஓட்டுநர் யாருடனோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் இன்னும் வரவில்லை.

"பெட்டியில துணிமணி எடுத்து வைக்கட்டுமா?" என்றாள் பாப்பா. "சட்டை நாலு போதும். மீதியப் பிறகு பாத்துக்கலாம்."

அவள் எழப்போனாள். தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பாப்பா. அம்மா விழுந்ததால உடையல."

"என்ன?"

"உடைஞ்சதாலதான் விழுந்தா. டாக்டர் என்கிட்ட மட்டும் சொன்னாரு. மூணு நாள் முன்னாடியே கீறல் விட்டிருக்கு. வலிக்குதுன்னு சொன்னா. நான் நடக்க வெச்சேன்."

பாப்பா மறுபடி உட்கார்ந்தாள். பிறகு கையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். குரலில் அக்காவின் சாயல் இருந்தது.

"மூணு நாள்னு எப்படிச் சொல்ல முடியும்? முதல் நாள் சும்மா தசை பிடிச்சிருக்கும். அம்மாவுக்கு எப்பதான் வலி இல்ல? ரெண்டுன்னு வெச்சுக்குங்க."

"மூணு."

"சரி, ரெண்டாம் நாள் மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? அது எப்பவும் முடியலன்னுதான் ஆரம்பிக்கும். எங்க யாருக்குத்தான் தெரிஞ்சிருக்கும்? ஒரு நாள். கடைசி நாள் ஒண்ணு. அதுக்கு மேல நீங்க உங்க தலையில போட்டுக்காதீங்க மாமா. நான் ஒத்துக்க மாட்டேன்."

கண்ணில் நீர் வைத்துக்கொண்டு அவள் இறக்கிக்கொண்டே போனாள். வாழ்நாளில் அவருக்கு யாரும் இவ்வளவு நல்ல பேரம் கொடுத்ததில்லை. 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஒரு நாள் என்பது சுமக்கக்கூடிய அளவுதான். சாயந்திரம் நாலு சட்டையோடு படியே இல்லாத வீட்டுக்குப் போய்விடலாம்.

"மூணாம் நாள்," என்றார் தம்பி, "டம்ளரைக் கவிழ்த்து வெச்சா."

பாப்பா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"பாலைக் குடிச்சுட்டு. முக்காலி மேல."

"நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்புறம் யாரு எடுத்தா?"

"நான்தான். நிமித்தி வெச்சுட்டு, கையப் பிடிச்சுத் தூக்கினேன்."

அவள் அவருடைய பிடியிலிருந்து மணிக்கட்டை எடுத்துக்கொண்டாள். உதறவில்லை. மெதுவாகத்தான் எடுத்தாள்.

"தரை?"

"காஞ்சுதான் இருந்துச்சு."

பாப்பா எழுந்தாள். கீழே போகப் பார்த்தாள். அம்மா குறுக்கே இருந்தாள். திரும்பி அறைக்குள் போனாள். அந்த வீட்டில் கோபித்துக்கொண்டு போக முடிந்த தூரமே அவ்வளவுதான். கட்டிலைத் தாண்டி ஜன்னல் வரை அவள் நடக்கும் சத்தம் கேட்டது. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. அது ஒரு வெடிப்புக்குள் இறங்கி, வேறொரு பக்கமாக வெளியே வந்தது.

"வந்தாச்சு, வந்தாச்சு!" பூட்டுக் கடைக்காரர் மூச்சிரைக்க ஏறினார். "இந்த ஸ்பேனரைத் தேடறதுக்குள்ள என் கடைக்கே நான் பூட்டு உடைக்க வேண்டியதாப் போச்சு." எண்ணெய் ஊற்றித் திருகினார். ஒவ்வொரு போல்ட்டும் ஒரு முறை கிறீச்சிட்டது. நாலாவது கழன்றதும் கம்பி சுவரை விட்டு வந்தது. தையல்காரர் அதை வாங்கித் தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

பாப்பா அறையிலிருந்து வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள், காது ஓரத்தில் நீர் சொட்டியது.

"கீழ தரை துடைக்கிற அம்மா நிக்கிறாங்களா?" என்று பூட்டுக் கடைக்காரரிடம் கேட்டாள்.

"நிக்குது. ஏன், போகச் சொல்லணுமா?"

"வண்டியில ஏறி உக்காரச் சொல்லுங்க. அம்மா தலைமாட்டுல."

பூட்டுக் கடைக்காரர் அவளையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார். எல்லாப் பூட்டையும் திறந்து பார்த்துவிட நினைக்கிறவர்தான். ஆனால் இதைத் தொடவில்லை. கீழே குரல் கொடுத்துச் சொல்லிவிட்டுக் கால் பக்கத்தைப் பிடித்தார். தையல்காரர் அடுத்த பக்கத்தைப் பிடித்தார்.

"தலைப் பக்கம் ரெடியா? நான் சொன்னதும் தூக்கணும்."

தம்பி கம்பி இல்லாத சுவரில் கையூன்றி எழுந்தார். எழுந்தபிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றார். ஸ்ட்ரெச்சரின் தலைப் பக்கம் ஒரு ஆள் தூக்கும் கனம்தான். அக்கா அவ்வளவு இளைத்திருந்தாள்.

பாப்பா குனிந்து இடது பக்கப் பிடியை மட்டும் பற்றினாள், வலது பக்கப் பிடியை விட்டுவைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. நிமிரவும் இல்லை.

"ம்?" என்றார் பூட்டுக் கடைக்காரர் கீழிருந்து.

"இருங்க" என்றாள் பாப்பா.